இன்றிரவே மரித்தால் எங்கே போவாய்?

கூடலூர் வாசகர், அக்டோபர் 24

"இன்றிரவே நீ மரித்தால் எங்கே போவாய்?" என்று கேட்டால், உண்மையான கிறிஸ்தவன் ஒரு நொடிகூட யோசிக்காமல் "பரலோகம்" என்று சொல்வான். தயங்குகிறவன் இன்னும் இரட்சிக்கப்படவில்லை. யோவான் 10:28 ஒன்றே போதும். கோத்தகிரிக்காரர் இதற்கு என்ன சொல்லப் போகிறார்?

அக்டோபர் 24, இரவு

தயங்குகிறவர்கள் பட்டியலில் கோத்தகிரிக்காரனாகிய என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்தக் கேள்வி எனக்குப் பழைய சிநேகிதம். மே மாதம் பிறந்தால் சமவெளியிலிருந்து வாலிபர் முகாம்கள் மலையேறி வந்துவிடும். கடைசி நாள் இரவு கிட்டார் மெதுவாக ஒலிக்க, எல்லாரும் கண்களை மூடியிருக்க, பிரசங்கியார் இதையேதான் கேட்பார். நான் கை தூக்குவேன். அடுத்த மே மாதமும் தூக்குவேன். போன ஆண்டு தூக்கியது சரியாகப் பதிவாகியிருக்குமோ இல்லையோ என்ற கவலை. உள்ளூர்ப் பையன் என்பதால் முகாமுக்குக் கட்டணம் கிடையாது. ஆகவே நஷ்டமும் இல்லை.

அக்டோபர் 25

யோவான் 10:28 போதும் என்கிறீர்கள். தம் ஆடுகளாகிய விசுவாசிகளைப் பற்றி இயேசு சொன்னது: "ஒருவனும் அவைகளை என் கையிலிருந்து பறித்துக்கொள்வதுமில்லை." இதைவிட உறுதியாக ஒருவர் பேச முடியாது, ஒப்புக்கொள்கிறேன். உங்கள் பக்கத்துக்கு இன்னொன்றையும் இலவசமாகத் தருகிறேன்: 1 யோவான் 5:13. நித்தியஜீவன் உண்டென்று நீங்கள் "அறியும்படிக்கு" எழுதினேன் என்கிறார். ஊகிக்கும்படிக்கு என்று சொல்லவில்லை.

ஆனால் அதே புத்தகத்தில் எபிரெயர் 6-ஆம் அதிகாரமும் இருக்கிறது. பரிசுத்த ஆவியைப் பெற்றபின் மறுதலித்துப் போனவர்களைத் திரும்பவும் மனந்திரும்ப வைப்பது கூடாத காரியம் என்று அங்கே எழுதியிருப்பதைப் படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியவர் யாரும் இருக்க மாட்டார். மத்தேயு 7-இல் "கர்த்தாவே, கர்த்தாவே" என்று வருகிறவர்கள் தயங்கவே இல்லை, கவனித்தீர்களா? உம்முடைய நாமத்தினாலே தீர்க்கதரிசனம் உரைத்தோம், பிசாசுகளைத் துரத்தினோம் என்று கணக்கோடு வந்து நிற்கிறார்கள். உங்கள் பரீட்சையில் அவர்கள் முழு மதிப்பெண் வாங்குவார்கள். இயேசுவின் பரீட்சையில்தான் தோற்றுப்போகிறார்கள்.

என் தம்பி பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறான். இரட்சிப்பை இழந்துபோகலாம், பின்மாற்றக்காரனுக்கு நரகம்தான் என்பது அவன் கட்சி. எதிர்வீட்டுக்காரர் பிரதரன் என்கிற சகோதரர் சபை. ஒருமுறை கிடைத்தது கிடைத்ததுதான், போகவே போகாது என்பார். ஒரு கிறிஸ்துமஸ் மதியம் இருவரும் எங்கள் வீட்டில் இதைப் பேசத் தொடங்கி, பிரியாணி ஆறி, என் மனைவி பாத்திரங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வசனத்துக்கு வசனம் எடுத்துவிடுவதில் இருவருமே கெட்டிக்காரர்கள். ஒருவரும் ஓர் அங்குலம் நகரவில்லை.

அக்டோபர் 25, மாலை

நம்மைத் தாங்குவது நம் பிடி இல்லை, தேவனுடைய பிடிதான் என்பதற்கு வெலிங்டன் வாசகர் எழுதிய மலை ரயில் உவமை நன்றாக இருக்கிறது. கல்லாறிலிருந்து செங்குத்தாக ஏறும்போது மலை ரயில் பின்னோக்கிச் சரியாமல் பிடித்துக்கொள்வது பல்சக்கரம்தான். பயணி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருப்பதனால் ரயில் நிற்கவில்லை. சரி. ஆனால் ஐயா, பல்சக்கரத் தண்டவாளம் குன்னூரோடு முடிந்துவிடுகிறது. அங்கிருந்து உதகை வரைக்கும் சாதாரணத் தண்டவாளம். அந்தப் பாதி வழிக்கு என்ன போதனை என்று தம்பி கேட்கச் சொன்னான்.

அக்டோபர் 27

"இரட்சிக்கப்பட்ட தேதி தெரியாதவன் இரட்சிக்கப்படவில்லை" என்று புதிதாக ஒருவர் எழுதியிருக்கிறார். சாட்சி என்றால் தேதி, இடம், எந்தப் பிரசங்கியார் என்று எல்லாம் சொல்ல வேண்டுமாம்.

தேதிக்குப் பேர்போனவர் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி. 1738 மே 24, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெரு. ரோமர் நிருபத்துக்குச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் எழுதிய முன்னுரையை யாரோ வாசித்துக்கொண்டிருக்க, ஒன்பதுக்குக் கால் மணி இருக்கும்போது தன் இருதயம் அனலானதை உணர்ந்தார். கிறிஸ்து தன் பாவங்களை, தன்னுடையவற்றையே, நீக்கிவிட்டார் என்ற நிச்சயம் வந்தது. மெதடிஸ்டுகள் இன்றும் கொண்டாடும் நாள். இதுவரை எல்லாருக்கும் தெரியும். தெரியாத பாதி இது: 1739 ஜனவரி முதல் வாரத்தில் அதே மனிதர் தன் நாட்குறிப்பில், நான் இப்போது கிறிஸ்தவன் இல்லை என்று அழுத்தி எழுதுகிறார். ஆவியின் கனியாகிய அன்பும் சமாதானமும் சந்தோஷமும் தன்னிடம் இல்லை என்கிறார். இருதயம் அனலாகி ஓர் ஆண்டுகூட ஆகவில்லை.

அதற்குப் பிறகு அவர் அரை நூற்றாண்டு குதிரையேறிப் பிரசங்கித்தார். முதுமையில், நிச்சய உணர்வு இல்லாதவர்கள் எல்லாரும் தேவனுடைய தயவுக்கு வெளியே இருக்கிறார்கள் என்ற தன் பழைய கருத்தையும் விட்டுவிட்டார். தேதி கேட்கிறவர்கள் வெஸ்லியிடம் எந்தத் தேதியை எடுத்துக்கொள்வார்கள்?

அக்டோபர் 28

தேதி என்றதும் எனக்குக் கோபம் வருவதற்கு வேறு காரணம் உண்டு. எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

என் பெரியம்மா ஞாயிறு பள்ளி ஆசிரியை. இந்தப் பக்கத்தில் நரைத்த தலையோடு நடமாடும் பலருக்கு மனப்பாட வசனம் சொல்லிக்கொடுத்தவர். கடைசி மாதங்களில் படுக்கையிலேயே இருந்தார். கம்பளித் தொப்பி, இரண்டு ரஜாய், அறை முழுக்க நீலகிரித் தைல வாசம். சமவெளியிலிருந்து வந்திருந்த ஓர் ஊழியர், யாரோ சொல்லி, ஜெபிக்க வந்தார். வந்தவர் ஜெபிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்: "அம்மா, நீங்கள் எந்த நாளில் இரட்சிக்கப்பட்டீர்கள்?"

பெரியம்மா யோசித்தார். "நாள் ஞாபகம் இல்லை ஐயா. சின்னப் பிள்ளையிலிருந்து அவரோடுதான் இருக்கிறேன்" என்றார். அவருக்கு அது போதவில்லை. அப்படியானால் இன்றைக்கே தீர்மானம் எடுத்துவிடலாம் என்று சொல்லி, வரிவரியாக ஒரு ஜெபத்தைத் தாம் சொல்ல, அவரைத் திரும்பச் சொல்ல வைத்தார். பெரியம்மாவும் மரியாதைக்குச் சொன்னார். ஊழியர் டீ குடித்துவிட்டுச் சந்தோஷமாகப் போனார்.

அன்று இரவு பெரியம்மா கஞ்சியைத் தொடவில்லை. மறுநாளும் தொடவில்லை. "அப்படியென்றால் இத்தனை வருஷமும் நான் யார்? பிள்ளைகளுக்கு எதைச் சொல்லிக்கொடுத்தேன்?" என்று என்னைக் கேட்டார். நான் ரோமர் எட்டாம் அதிகாரத்தை வைத்து ஏதேதோ விளக்கினேன். விளக்க விளக்க முகம் சுவர்ப் பக்கம் திரும்பியது.

தினமும் பால் கொண்டுவருகிறவர் அவரிடம் படித்த பையன்தான். இப்போது தேயிலைத் தொழிற்சாலையில் வேலை, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். விஷயத்தைக் கேட்டுவிட்டு உள்ளே போனார். செருப்பைக் கழற்றிவிட்டு, பள்ளியில் நிற்பதுபோலக் கட்டில் பக்கத்தில் நின்று சொன்னார்: "டீச்சர், 'நான் அவைகளுக்கு நித்தியஜீவனைக் கொடுக்கிறேன், அவைகள் ஒருக்காலும் கெட்டுப்போவதில்லை, ஒருவனும் அவைகளை என் கையிலிருந்து பறிக்க மாட்டான்.'"

"பறித்துக்கொள்வதுமில்லை" என்றார் பெரியம்மா, சுவரைப் பார்த்தபடியே. "முதலிலிருந்து சொல்."

அவர் முதலிலிருந்து சொன்னார். அதிகார எண்ணையும் வசன எண்ணையும் கடைசியில் சொல்ல மறந்துவிட்டார். அதற்கும் திட்டு விழுந்தது. அதன்பிறகு பெரியம்மா கஞ்சி குடித்தார்.

அக்டோபர் 29

நேற்றைய குறிப்புக்கு வந்த பதில்களில் பாதி, "பார்த்தீர்களா, கடைசியில் யோவான் 10:28-தான் காப்பாற்றியது" என்று கூடலூர்க்காரருக்கு மாலை போடுகின்றன. போடுங்கள். ஆனால் யார் வாயிலிருந்து அது வந்தது என்பதையும் பாருங்கள். அந்த வசனம் பெரியம்மாவுக்குத் தெரியாததா? ஆயிரம் தடவை மற்றவர்களுக்குச் சொன்னவர். தனக்குத்தானே சொல்லிக்கொண்டபோது அது வேலை செய்யவில்லை. பால்காரர் சொன்னபோது வேலை செய்தது.

இதைத்தான் நான் சில காலமாக யோசிக்கிறேன். நிச்சயம் என்பது நமக்குள்ளே தேடிக் கண்டுபிடிக்கிற பொருள் இல்லை. உள்ளே தோண்டினால் சேறுதான் வரும். வெளியே இருந்து ஒருவர் வந்து சொல்ல வேண்டும். சிலுவையில் தொங்கிய கள்ளனைப் பாருங்கள். "அடியேனை நினைத்தருளும்" என்பதுதான் அவன் கேட்டது. எனக்கு இடம் உண்டு என்று அவன் சொல்லிக்கொள்ளவில்லை. "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்று அவனுக்குச் சொல்லப்பட்டது. எங்கள் சி.எஸ்.ஐ. ஆராதனையிலும் பாவ அறிக்கை முடிந்ததும் ஆயர் எழுந்து பாவமன்னிப்பை அறிவிக்கிறார். சபையார் அவரவர் தமக்கே அறிவித்துக்கொள்ளுங்கள் என்று அந்த ஒழுங்கில் எங்கும் இல்லை.

அக்டோபர் 29, சிறிது நேரம் கழித்து

உதகை காந்தலிலிருந்து எழுதும் அக்கா ஒரு வரியில் மடக்கிவிட்டார்: "அந்த ஊழியரும் வெளியே இருந்து வந்தவர்தானே?"

உண்மை. வெளியே இருந்து வரும் வாய் கொல்லவும் செய்யும். வித்தியாசம் இப்படி இருக்கலாம்: ஊழியர் கணக்குக் கேட்க வந்தார், பையன் செய்தி கொண்டுவந்தான். இது முழுப் பதிலா என்று இன்னும் யோசிக்கிறேன்.

அக்டோபர் 31

லூத்தரின் சீர்திருத்தத்தை நினைவுகூரும் சீர்திருத்தத் திருநாள். தம்பி காலையிலேயே லூத்தர் படத்தை அனுப்பிவிட்டான். லூத்தர் அவனுடைய சபைக்குள் வந்தால் பியர் குடித்ததற்காக வெளியே அனுப்பிவிடுவார்கள் என்பது வேறு விஷயம்.

கத்தோலிக்கர்களுக்கு நிச்சயமே கிடையாது, பாவம் பயந்து பயந்து சாகிறார்கள் என்று இங்கே மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். என் மாமியார் வீடு காந்தலில்தான், குருசடித் திருத்தலத்துக்குக் கூப்பிடு தூரம். திருச்சிலுவையின் அருளிக்கம் (சிலுவை மரத்தின் துண்டு) இருக்கும் இடம் என்பதால் வெள்ளிக்கிழமைகளில் அந்தத் தெருவில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. அங்கே பயந்து நடுங்குகிறவர்கள் யாரையும் நான் பார்த்ததில்லை. மாமியார் ஒவ்வொரு மாலையும் "இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும்" என்று மாதாவை வேண்டி ஜெபமாலையை உருட்டுகிறார். சாகும் நேரத்துக்காக முன்கூட்டியே தினமும் இன்னொருவரை வேண்டச் சொல்லிவைத்திருக்கிறார். என் கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது, ஆனால் தம்பியிடம் சொல்ல மாட்டேன்.

சீர்திருத்தத்துக்குப் பதிலாகக் கத்தோலிக்கர்கள் கூட்டிய திரிதெந்து சங்கம் சொன்னதை ஒழுங்காகப் படித்துவிட்டுத் திட்டுங்கள். 1547-இல், ஆறாம் அமர்வில், முடிவுவரை நிலைத்திருக்கும் கொடை தனக்கு உறுதியாக உண்டு என்று, கடவுள் தனிப்பட வெளிப்படுத்தினாலொழிய, ஒருவரும் பிசகாத நிச்சயத்தோடு சொல்லக் கூடாது என்றார்கள். கடவுளை நம்ப வேண்டாம் என்று சொல்லவில்லை. நம்பிக்கை இழப்பதும் பாவம், துணிந்து மிஞ்சி நம்புவதும் பாவம் என்பது அவர்களுடைய பழைய போதனை.

இன்னொரு அக்டோபர் 31 உண்டு, அதை யாரும் படம் போட்டு அனுப்புவதில்லை. 1999-இல் ஜெர்மனியின் அவுக்ஸ்பூர்க்கில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் நீதிமானாக்கப்படுதல் (பாவியைத் தேவன் நீதிமானாக ஏற்றுக்கொள்வது) பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. அதில் இரட்சிப்பின் நிச்சயத்துக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. தன் குறைகளை ஒருவர் அறிந்திருந்தாலும், கடவுள் தன் மீட்பை விரும்புகிறார் என்பதில் அவர் உறுதியாக இருக்கலாம் என்று கத்தோலிக்கத் தரப்பு அதில் சொல்கிறது. நானூற்றைம்பது ஆண்டுக்கும் மேலான சண்டைக்கு இது மோசமான முடிவு இல்லை.

பதிலாகக் காந்தல் அக்கா அனுப்பியதுதான் இன்றைய பரிசு. பிரெஞ்சு வீராங்கனை ஜோன் ஆஃப் ஆர்க்கை 1431-இல் ரூவான் நகரில் விசாரித்தபோது, "நீ கடவுளின் அருள்நிலையில் இருக்கிறாயா?" என்று கேட்டார்கள். ஆம் என்றால் யாரும் அறிய முடியாததை அறிந்ததாகச் சொன்ன ஆணவம். இல்லை என்றால் ஒப்புதல் வாக்குமூலம். பத்தொன்பது வயது இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாத பெண். அவள் சொன்னாள்: நான் அதில் இல்லையென்றால் கடவுள் என்னை அங்கே வைப்பாராக, இருந்தால் அங்கேயே என்னைக் காப்பாராக.

கூடலூர்க்காரரே, உங்கள் கேள்விக்கும் இதுதான் பதில். கேள்வி கேட்ட விதமும் கிட்டத்தட்ட அதே விதம்தான் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நவம்பர் 1

கோபித்துக்கொண்டார்.

நவம்பர் 2

கல்லறைத் திருநாள். மழை விடவில்லை. மாமியாரோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போய், மெழுகுவர்த்தி அணைய அணையக் குடையை மாற்றி மாற்றிப் பிடித்துவிட்டு வந்து எழுதுகிறேன். செவ்வந்தி விலை அநியாயம்.

செத்தவர்களுக்காக ஜெபிப்பது சீர்திருத்தச் சபைக்காரனான எனக்குச் சங்கடமான விஷயம். ஆனால் அங்கே நிற்கும்போது வேறொன்று நினைவுக்கு வந்தது. எங்கள் ஊரைச் சுற்றி நீலகிரியின் படகர் மக்களுடைய ஹட்டிகள், அதாவது கிராமங்கள். அவர்களுடைய பழைய சாவுச் சடங்கில், பெரியவர் ஒருவர் செத்தவரின் பாவங்களையும் முன்னோர்களின் பாவங்களையும் ஒவ்வொன்றாக உரக்கச் சொல்லுவார். கூடியிருப்பவர்கள் பின்தொடர்ந்து குரல் கொடுப்பார்கள். எல்லாப் பாவமும், சடங்கில் அவிழ்த்துவிடப்பட்ட கன்றோடு போகட்டும் என்று முடியும். எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுப்பில் அந்தப் பட்டியலைப் பதிவு செய்திருக்கிறார். எல்லைக் கல்லை நகர்த்தியது. நாற்றைப் பிடுங்கி வெயிலில் போட்டது. பறவைக் குஞ்சைப் பூனைக்குக் கொடுத்தது. பசித்தவனுக்குச் சோறு போடாதது. குளிரில் விறைத்தவனுக்கு நெருப்புக் கொடுக்காதது. வழிப்போக்கனுக்குத் தவறான பாதையைக் காட்டியது.

எங்கள் பாவ அறிக்கை "நினைவாலும் சொல்லாலும் செயலாலும்" என்று மொத்தமாக முடித்துவிடுகிறது. நெருப்புக் கொடுக்காததைப் பாவம் என்று எழுதிவைக்க இந்தக் குளிரில் வாழ்ந்திருக்க வேண்டும். அதைவிட முக்கியம், அங்கே செத்தவர் வாயைத் திறப்பதில்லை. அவருக்காக ஊர் பேசுகிறது.

நவம்பர் 3

"புறஜாதிச் சடங்கைச் சபைக்குள் கொண்டுவராதே" என்று மூன்று ஆச்சரியக்குறிகளோடு ஒரு பதில். லேவியராகமம் 16:21 படியுங்கள். ஆரோன் வெள்ளாட்டுக்கடாவின் தலைமேல் இரண்டு கைகளையும் வைத்து, இஸ்ரவேலின் அக்கிரமங்களை எல்லாம் அதன்மேல் அறிக்கையிட்டு, வனாந்தரத்துக்கு அனுப்புகிறான். முதலில் ஆரோனிடம் கோபித்துக்கொண்டு வாருங்கள், பிறகு நான் வரிசையில் நிற்கிறேன்.

படகர் சடங்கும் சுவிசேஷமும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஒருவனுடைய முடிவை அவனே அறிவிப்பதில்லை என்ற ஓர் இடத்தில் இரண்டும் சந்திக்கின்றன, அவ்வளவுதான்.

நவம்பர் 5

இரண்டு நாளாக என் வாதத்தை நானே குத்திக்கொண்டிருக்கிறேன். குத்துகிறவர் வில்லியம் கூப்பர்.

ஆங்கிலக் கவிஞர், 1731-இல் பிறந்தவர். அவர் எழுதிய பாமாலைகள் உலகெங்கும் இன்னும் பாடப்படுகின்றன. 1773-இல் மனநோய் திரும்பி, தேவன் தன்னைக் கைவிட்டுவிட்டார், தனக்கு இரட்சிப்பு இல்லை என்று நம்பத் தொடங்கினார். அதற்குப்பின் ஆராதனைக்கே போகவில்லை. 1800-இல் சாகும்வரை அந்த எண்ணம் முழுமையாக விலகவே இல்லை. பக்கத்தில் இருந்து சொல்ல ஆள் இல்லையா? ஜான் நியூட்டன் இருந்தார். அடிமைக் கப்பல் தலைவனாக இருந்து போதகரானவர். அவர் கூப்பரைத் தன் வீட்டிலேயே மாதக்கணக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டார். வெளியே இருந்து வந்த நல்ல வாய், நல்ல செய்தி, எல்லாம் இருந்தும் ஏறவில்லை.

ஆக, இன்னொருவர் சொன்னால் நிச்சயம் வந்துவிடும் என்று நான் எழுதியதைக் கொஞ்சம் இறுக்க வேண்டும். சொன்னால் சில பேருக்கு ஏறும், பெரியம்மாவுக்கு ஏறியதுபோல. சிலருக்கு ஏறாது. ஏறாததனால் சொல்லப்பட்டது பொய்யாகிவிடாது. கூடலூர்க்காரரின் பரீட்சையில் கூப்பர் தோற்கிறார். கூப்பர் கெட்டுப்போனார் என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போடட்டும், நான் வாதத்தை நிறுத்திக்கொள்கிறேன்.

நவம்பர் 6

போடவில்லை. ஆனால் "கால்வினியம் படித்தால் இந்தக் குழப்பம் வராது" என்கிறார். படித்தேன் ஐயா. கால்வினைப் பின்பற்றிய சபைகளின் டோர்ட் மாநாடு, 1618-19: தேவனால் தெரிந்துகொள்ளப்பட்டவர்கள் முடிவுவரை நிலைத்திருப்பார்கள் என்று முடிவு செய்தார்கள். நீங்கள் பிடித்துக்கொண்டிருப்பது அது. அதே மரபில் 1646-இல் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை எழுதினார்கள். நிச்சயத்துக்கென்றே பதினெட்டாம் அதிகாரம். பிசகாத நிச்சயம் உண்டு என்று அது சொல்கிறது. கூடவே, மெய்யான விசுவாசி ஒருவர் அதை அடைவதற்கு நெடுங்காலம் காத்திருக்கவும் பல தடைகளோடு போராடவும் நேரிடலாம் என்றும், அடைந்த பிறகும் அது பலவிதமாக அசைக்கப்படலாம் என்றும் சொல்கிறது. உங்கள் சொந்த வீட்டுப் பத்திரம் இது. ஒரு நொடி தயங்கக் கூடாது என்று அதில் எங்கே இருக்கிறது?

டோர்ட் மாநாடு எதிர்த்த, ஆர்மீனியஸ் என்பவரைப் பின்பற்றிய அர்மீனியக் கட்சியாரையும் விடக் கூடாது, தம்பி கோபித்தாலும் சரி. 1610-இல் அவர்கள் கொடுத்த ஐந்து அம்சங்களில் கடைசியில், விசுவாசி விழுந்துபோக முடியுமா என்பதை வேதத்தில் இன்னும் ஆராய வேண்டும் என்றே எழுதியிருந்தார்கள். எதிர்வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன். "ஆராய்ந்தார்களா?" என்று கேட்டார்.

நவம்பர் 9

பெயர் போடாமல் எழுதியிருக்கும் தம்பிக்கு.

நீங்கள் கேட்டது விவாதக் கேள்வி இல்லை என்று தெரிகிறது. கல்லூரி விடுதியில் இரவு இரண்டு மணிக்கு மாற்கு 3:29-ஐத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, அந்த மன்னிக்கப்படாத பாவத்தை நான் செய்துவிட்டேனோ என்று எழுதியிருக்கிறீர்கள். கையைக் கழுவுவதுபோல ஒரே ஜெபத்தைத் திரும்பத் திரும்பச் செய்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

மேலே நாங்கள் அடித்துக்கொண்டதை எல்லாம் படிக்க வேண்டாம். அந்த வசனம் யாரிடம் சொல்லப்பட்டது என்று மட்டும் பாருங்கள். ஆவியானவர் செய்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு, இது பிசாசின் வேலை என்று சொன்ன வேதபாரகர்களிடம். அவர்கள் அன்று இரவு தூக்கமில்லாமல் அழுததாக மாற்கு எழுதவில்லை. செய்துவிட்டேனோ என்று அழுகிறவர் அந்தக் கூட்டத்தில் இல்லை. இதை உங்களுக்கு நான் சொல்கிறேன்: உங்கள் பாவங்கள் மன்னிக்கப்பட்டிருக்கின்றன. இப்போது உங்களுக்கு ஏறாவிட்டாலும் பரவாயில்லை. ஏறும்வரை நான் நம்பிக்கொண்டிருக்கிறேன், உங்களுக்கும் சேர்த்து.

இரண்டாவது, மருத்துவரைப் பாருங்கள். ஒரே எண்ணம் திரும்பத் திரும்ப வந்து பிடிப்பதற்குப் பெயரும் உண்டு, சிகிச்சையும் உண்டு. கூப்பர் காலத்தில் இல்லை, இப்போது இருக்கிறது. மனநல மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் அவருடைய எண்ணை எனக்கு அனுப்புங்கள்.

விடுமுறைக்கு மலைக்கு வரும்போது சொல்லுங்கள்.  பகலில் தோட்டத்தில்தான் இருப்பேன். கோத்தகிரி பஸ் நிலையத்துக்கு வந்து அழையுங்கள், வந்து கூட்டிக்கொண்டு போகிறேன். ஸ்வெட்டர் எடுத்து வாருங்கள்.